பரீட்சைக்கு ஒரு விடை, மனத்துக்கு ஒரு விடை

ஒருவர் ஒரு ரூபாய் நாணயத்தைக் கட்டைவிரலால் மேலே சுண்டி விடுகிறார். நாணயம் விரலை விட்டுப் பிரிந்துவிட்டது. உச்சியை இன்னும் எட்டவில்லை, மேலே போய்க்கொண்டிருக்கிறது. அந்தக் கணத்தில் அதன்மீது செயல்படும் விசைகள் எவை? எந்தத் திசையில் செயல்படுகின்றன?

பன்னிரண்டாம் வகுப்பு வரை பௌதிகம் படித்த பிள்ளைகளைக் கேட்டால், பலர் தயங்காமல் ஒரு பதில் சொல்வார்கள். "கீழ்நோக்கிப் புவியீர்ப்பு விசை, மேல்நோக்கி விரல் கொடுத்த விசை. விரல் கொடுத்தது பெரிதாக இருக்கும்வரை நாணயம் மேலே போகும். இரண்டும் சமமானதும் ஒரு கணம் நிற்கும். பிறகு புவியீர்ப்பு ஜெயித்துவிடும்."

கேட்பதற்கு மிகவும் நியாயமாக இருக்கிறது. ஆனால் தவறு. நாணயம் விரலை விட்ட கணத்திலேயே விரலின் வேலை முடிந்துவிட்டது. காற்றின் சிறு தடையை ஒதுக்கிவிட்டால், மேலே போகும்போதும், உச்சியிலும், கீழே வரும்போதும் நாணயத்தின்மீது இருப்பது ஒரே ஒரு விசைதான். அது புவியீர்ப்பு, எப்போதும் கீழ்நோக்கியே இருப்பது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் கிளமெண்ட் என்ற ஆராய்ச்சியாளர் இதே நாணயக் கேள்வியைப் பொறியியல் மாணவர்களிடம் கேட்டு, 1982-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார். பெரும்பாலோர் இல்லாத அந்த மேல்நோக்கு விசையை அம்புக்குறி போட்டுக் காட்டியிருந்தார்கள். இயக்கவியல் பாடத்தை முடித்துவிட்டு வந்தவர்களிலும் பெரும்பாலோர் அப்படியே செய்தனர்.

இவர்கள் மந்தமான மாணவர்கள் அல்லர். நியூட்டனின் மூன்று விதிகளையும் பிழையில்லாமல் ஒப்பிப்பார்கள். விசை என்பது நிறையையும் முடுக்கத்தையும் பெருக்கி வருவது என்று எழுதி முழு மதிப்பெண் வாங்குவார்கள். அப்படியானால் படித்தது எங்கே போயிற்று? கடந்த நாற்பது ஐம்பது ஆண்டுகளாகப் பல நாட்டுப் பௌதிக ஆசிரியர்களை வாட்டிவரும் கேள்வி இது.

காலிப் பானை அல்ல

மாணவனின் தலை ஒரு காலிப் பானை, ஆசிரியர் மொண்டு ஊற்றினால் நிரம்பிவிடும் என்ற எண்ணம் பழமையானது. உண்மை வேறு. பௌதிக வகுப்புக்குள் முதல் நாள் நுழையும் பிள்ளை, அதற்குள் பதினைந்து வருடம் உலகத்தில் வாழ்ந்து பழகியிருக்கிறது. தள்ளினால் கைவண்டி நகர்கிறது. தள்ளுவதை நிறுத்தினால் நின்றுவிடுகிறது. ஆகவே ஓடுகிற எதையும் ஏதோ ஒன்று ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கல் வேகமாக விழுகிறது. காகிதம் மிதந்து இறங்குகிறது. ஆகவே கனமானது வேகமாக விழும். எவர்சில்வர் தட்டு ஜில்லென்று இருக்கிறது. மரப்பலகை அப்படி இல்லை. ஆகவே உலோகம் எப்போதும் குளிர்ச்சியானது.

இவை சோம்பேறித்தனத்தில் பிறந்தவை அல்ல. ஒவ்வொன்றும் நாள்தோறும் கண்ணாலும் கையாலும் சரிபார்த்துக்கொண்ட முடிவு. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் முன்னதாக அரிஸ்டாட்டிலும் ஏறத்தாழ இப்படித்தான் எழுதினார். எறிந்த பொருளுக்குள் எறிந்தவன் ஏதோ ஒரு உந்துதலை ஏற்றிவிடுகிறான், அது தீர்ந்ததும் பொருள் விழுகிறது என்ற கருத்தை 6-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் பிலோபோனஸும், 14-ஆம் நூற்றாண்டில் பாரீஸின் ஜான் புரிடானும் விரித்துரைத்தார்கள். நாணயத்துக்கு மேல்நோக்கு அம்பு போடும் மாணவன் அந்த மேதைகளின் வரிசையில்தான் நிற்கிறான். மாணவர்களின் எண்ணத்துக்கும் அந்தப் பழைய கொள்கைக்கும் உள்ள ஒற்றுமையை மைக்கேல் மெக்ளாஸ்கி என்ற உளவியலாளர் 1983-இல் எடுத்துக்காட்டினார்.

அந்த எண்ணத்தை அசைக்கக் கலிலியோவின் 1638-ஆம் ஆண்டு நூலும், நியூட்டனின் 1687-ஆம் ஆண்டு நூலும் தேவைப்பட்டன. உலகத்தின் மிகச் சிறந்த மூளைகளுக்குப் பல நூற்றாண்டுகள் பிடித்த ஒரு மனமாற்றத்தை, நாற்பது நிமிட வகுப்பில் கரும்பலகையில் மூன்று வரி எழுதி முடித்துவிட முடியும் என்று எதிர்பார்ப்பதுதான் விந்தை.

அரிசோனாவில் வைத்த பரீட்சை

இந்த விஷயத்தை அளந்து பார்க்க முனைந்தவர்கள் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் இப்ராஹிம் ஹல்லூனும் டேவிட் ஹெஸ்டினஸும். கணக்கே இல்லாத, இயக்கத்தைப் பற்றி மட்டும் கேட்கும் ஒரு கேள்வித்தாளைத் தயாரித்துக் கல்லூரி மாணவர்களுக்குப் பாடத்துக்கு முன்பும் பின்பும் கொடுத்தார்கள். 1985-இல் வெளியான முடிவு ஆசிரியர்களைத் திடுக்கிட வைத்தது. வழக்கமான பிரசங்க முறையில் ஒரு பருவம் முழுவதும் பாடம் கேட்ட பிறகும் மாணவர்களின் அடிப்படை எண்ணங்கள் மிகச் சிறிதளவே மாறியிருந்தன. அதைவிட முக்கியமானது, பாடம் நடத்திய பேராசிரியர் யார் என்பதால் பெரிய வித்தியாசம் ஏற்படவில்லை.

ஹெஸ்டினஸ், பள்ளி ஆசிரியர்களான மால்கம் வெல்ஸ், கிரெக் ஸ்வாக்ஹாமர் ஆகியோருடன் சேர்ந்து இந்தக் கேள்வித்தாளைச் செப்பனிட்டு 1992-இல் வெளியிட்டார். பிறகு 30 கேள்விகள் கொண்டதாகத் திருத்தப்பட்ட இதன் சூட்சுமம் தவறான விடைகளில்தான் இருக்கிறது. அவை ஏனோதானோவென்று போட்டவை அல்ல. மாணவர்கள் தங்கள் வாயால் சொன்ன நம்பிக்கைகள். ஆகவே ஒருவன் எந்தத் தவறான விடையைத் தேர்ந்தெடுக்கிறான் என்பதே அவன் மனத்தில் என்ன இருக்கிறது என்பதைக் காட்டிக் கொடுத்துவிடும்.

ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் 1984 முதல் பௌதிகம் கற்பித்துவந்த எரிக் மஸூர் 1990-இல் இந்த ஆராய்ச்சியைப் படித்தார். தம் மாணவர்களுக்கு இது பொருந்தாது என்றே நினைத்தார். அவர் வகுப்பை மாணவர்கள் மெச்சினார்கள். கடினமான கணக்குகளைப் போட்டார்கள். இருந்தாலும் கேள்வித்தாளைக் கொடுத்துப் பார்த்தார். அப்போது ஒரு மாணவி கேட்ட சந்தேகம் பௌதிக ஆசிரியர்களிடையே பிரசித்தமாகிவிட்டது. நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி விடை எழுதுவதா, அல்லது நான் உண்மையில் நினைப்பதை எழுதுவதா என்பதே அவர் கேட்டதன் சாரம்.

நோயின் பெயர் அந்த ஒரு கேள்வியிலேயே அடங்கியிருக்கிறது. மாணவர்கள் இரண்டு பேரேடுகள் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒன்று பரீட்சைக்கு, மற்றது வாழ்க்கைக்கு. முதல் ஏட்டில் நியூட்டன், இரண்டாவதில் அரிஸ்டாட்டில். இரண்டும் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை. சிக்கலான மின்சுற்றுக் கணக்கைச் சமன்பாடு போட்டு முடித்த மாணவர்கள், சுவிட்சை மூடினால் எந்த பல்பு அதிகப் பிரகாசமாகும் என்ற எளிய கேள்வியில் தடுக்கி விழுவதையும் மஸூர் கண்டார்.

பக்கத்து மாணவனின் வாதம்

மஸூர் செய்த மாற்றம் செலவில்லாதது. பாடத்தை நடுவில் நிறுத்தி ஒரு கேள்வி கேட்பார். கணக்குப் போடத் தேவையில்லாத கேள்வி. ஒவ்வொருவரும் ஓரிரு நிமிடம் தாமாக யோசித்து ஒரு விடையைத் தேர்ந்துகொள்ள வேண்டும். பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் திரும்பித் தம் விடையே சரி என்று வாதாட வேண்டும். சில நிமிடம் வகுப்பு சந்தைக்கடையாக இரையும். மறுபடியும் விடை கேட்டால், சரியான விடை சொல்வோர் தொகை பொதுவாக உயர்ந்திருக்கும்.

ஆசிரியர் சொல்லி ஏறாதது சக மாணவன் சொல்லி ஏறுவது எப்படி? ஆசிரியருக்கு அந்தக் கருத்து தெளிவாகிப் பல வருடம் ஆகிவிட்டது. எந்த இடத்தில் கால் இடறும் என்பதே அவருக்கு மறந்துபோயிருக்கும். பக்கத்து மாணவனோ அந்தப் பள்ளத்தைச் சற்று முன்புதான் தாண்டினான். எங்கே இடறினான் என்பது அவனுக்கு நன்றாக நினைவிருக்கிறது. தவிர, ஆசிரியரிடம் "சரி சார்" என்று தலையாட்டித் தப்பிக்கலாம். பக்கத்து மாணவனிடம் அது நடக்காது, "ஏன்?" என்று அவன் கேட்பான்.

இத்தகைய முறைகளால் பலன் உண்டா என்பதை இந்தியானா பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ஹேக் தொகுத்துப் பார்த்து 1998-இல் வெளியிட்டார். 62 வகுப்புகள், 6,542 மாணவர்கள். தொடக்கத்தில் தெரியாமல் இருந்த பகுதியில் எவ்வளவை ஒரு வகுப்பு கற்றுக்கொண்டது என்பதே அளவுகோல். பிரசங்க முறையில் நடந்த 14 வகுப்புகளில் சராசரியாக நூற்றுக்கு 23 பங்கு. மாணவர்கள் விவாதித்து, செய்து பார்த்து, உடனுக்குடன் திருத்திக்கொண்ட 48 வகுப்புகளில் நூற்றுக்கு 48 பங்கு. இரண்டு மடங்குக்குச் சற்று அதிகம். அப்போதும் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. பழைய நம்பிக்கை அவ்வளவு கெட்டி.

கண்ணால் கண்டும் நம்பாதது

"சோதனை செய்து காட்டிவிட்டால் போதுமே" என்று தோன்றலாம். போதாது. 1981-இல் ஆஸ்திரேலியாவின் ரிச்சர்ட் கன்ஸ்டனும் ரிச்சர்ட் வைட்டும் வெளியிட்ட ஆய்வில், சில மாணவர்கள் நடந்ததைப் பார்க்காமல், தாங்கள் எதிர்பார்த்ததையே பார்த்ததாகச் சொன்னார்கள். கண் பார்ப்பதை மனம் திருத்தி எழுதிவிடுகிறது.

2004-இல் மஸூரும் அவர் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு இன்னும் கூர்மையானது. வகுப்பில் சோதனையை வெறுமனே வேடிக்கை பார்த்தவர்களுக்கும், அதைப் பார்க்காதவர்களுக்கும் புரிதலில் அதிக வித்தியாசம் இல்லை. ஆனால் என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பார்த்தவர்களுக்கு நன்றாகப் புரிந்தது. முன்கூட்டிச் சொல்லச் சில நிமிடங்களே பிடிக்கும். அந்தச் சில நிமிடங்களே ஒரு வேடிக்கையைப் பாடமாக மாற்றுகின்றன. வாய்விட்டுச் சொன்ன ஊகம் பொய்யாகும்போதுதான் மனம் விழித்துக்கொள்கிறது. சொல்லாத ஊகத்தை "எனக்கு அப்போதே தெரியும்" என்று மூடி மறைத்துவிடலாம்.

இதை வீட்டுச் சமையலறையிலேயே செய்து பார்க்கலாம். ஒரே அளவான இரண்டு ஐஸ் கட்டிகள். ஒன்றைக் கனமான அலுமினியத் தவாவின்மேலும், மற்றொன்றை மரப்பலகையின்மேலும் வைக்க வேண்டும். தவாவும் பலகையும் இரவு முழுவதும் ஒரே அறையில் இருந்தவையாக இருக்கட்டும். எது முதலில் உருகும்? தொட்டுப் பார்த்த பிள்ளைகள் பலர், "தவா ஜில்லென்று இருக்கிறது, பலகை கதகதப்பாக இருக்கிறது, பலகையில்தான் முதலில் உருகும்" என்பார்கள். நடப்பது நேர்மாறு. தவாமேல் வைத்த கட்டி கண்ணெதிரே கரைந்துவிடும்.

இப்போது விளக்கத்துக்கு இடம் பிறக்கிறது. இரண்டின் வெப்பநிலையும் ஒன்றுதான்; தெர்மாமீட்டர் வைத்தால் தெரிந்துவிடும். அலுமினியம் வெப்பத்தை விரைவாகக் கடத்துகிறது. கை தொட்டால் கையின் வெப்பத்தை விரைவாக வாங்கிக்கொள்கிறது, அதனால் ஜில்லிப்பு. ஐஸை வைத்தால் ஐஸுக்கு விரைவாக வெப்பத்தைக் கொடுக்கிறது, அதனால் உருகல். கை அளப்பது வெப்பநிலையை அல்ல, கையிலிருந்து வெப்பம் வெளியேறும் வேகத்தை என்பது அப்போது விளங்கும். "உலோகம் குளிர்ச்சி" என்ற நம்பிக்கை பொய்யானது மட்டுமன்று. அது ஏன் மெய்போலத் தோன்றியது என்பதும் தெரிந்துவிடுகிறது. அந்த இரண்டாவது பாதிதான் முக்கியம்.

மேசை தள்ளுமா?

பழைய நம்பிக்கையை உடைத்தால் மட்டும் போதாது. போக ஒரு வீடு வேண்டும். கார்னெல் பல்கலைக்கழகத்தின் போஸ்னர், ஸ்ட்ரைக் முதலிய நால்வர் 1982-இல் இதற்கு நான்கு நிபந்தனைகளைக் கூறினார்கள். பழைய கருத்தில் அதிருப்தி பிறக்க வேண்டும். புதிய கருத்து விளங்க வேண்டும். அது நம்பும்படியாக இருக்க வேண்டும். பழையது விளக்காதவற்றையும் அது விளக்க வேண்டும். வகுப்பறையில் பெரும்பாலும் இரண்டாவது மட்டுமே கவனிக்கப்படுகிறது.

சியாட்டில் நகருக்கு அருகே பள்ளி ஆசிரியராக இருந்த ஜிம் மின்ஸ்ட்ரெல் எடுத்த பாடம் இதற்கு நல்ல உதாரணம். மேசைமேல் ஒரு புத்தகம் சும்மா இருக்கிறது. மேசை அதை மேல்நோக்கித் தள்ளுகிறது என்பது பாடநூல். "மேசைக்குக் கையா இருக்கிறது? அது சும்மா தடுத்துக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான்" என்பது மாணவர்களின் நம்பிக்கை.

மின்ஸ்ட்ரெல் வாதாடவில்லை. புத்தகத்தை நீட்டிய கையில் வைக்கச் சொன்னார். மேலும் மேலும் புத்தகங்களை அடுக்கினார். கை மேல்நோக்கித் தள்ளுகிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அடுத்து ஒரு சுருள்வில்லில் தொங்கவிட்டார். வில் நீள்கிறது, அதுவும் இழுக்கிறது என்று பெரும்பாலோர் ஒப்புக்கொண்டார்கள். மேசை மட்டும் வளைவதில்லையே என்ற ஆட்சேபணை மிஞ்சியது. மேசைமேல் ஒரு கண்ணாடியை வைத்து, அதில் ஒளிக்கற்றையைப் பாய்ச்சிச் சுவரில் ஒரு வெளிச்சப் புள்ளி விழச் செய்தார். மேசையை அழுத்தியதும் சுவரில் புள்ளி அசைந்தது. கண்ணுக்குத் தெரியாத அளவு மேசையும் வளைகிறது! மேசை ஒரு மிகக் கெட்டியான சுருள்வில். வளைந்தது நிமிர முயல்கிறது, அதுதான் தள்ளல்.

கையிலிருந்து வில்லுக்கு, வில்லிலிருந்து மேசைக்கு. ஆற்றில் கல் போட்டுத் தாண்டுவதுபோல, மாணவன் ஏற்கெனவே சரியாக நம்பும் ஒன்றிலிருந்து, நம்ப மறுக்கும் ஒன்றுக்குப் படிப்படியாக அழைத்துப்போகும் முறை இது. கிளமெண்டும் பின்னர் இதை விரிவாக ஆராய்ந்தார்.

மின்சார ரயிலில் பௌதிகம்

மும்பைவாசிகளுக்கு இத்தகைய பாடங்களுக்கு வெளிநாடு போக வேண்டியதில்லை. நாள்தோறும் ஏறி இறங்கும் மின்சார ரயிலே ஒரு பௌதிகச் சாலை. வண்டி ஒரே சீரான வேகத்தில் நேராக ஓடும்போது, உள்ளே நிற்பவர் கையிலிருந்து சாவிக்கொத்து நழுவினால் எங்கே விழும்? "வண்டி முன்னால் போய்விடும், சாவி பின்னால் விழும்" என்பார் பலர். ஆனால் அவர் காலடியில்தான் விழுகிறது. கையில் இருக்கும்போதே சாவிக்கும் வண்டியின் வேகம் உண்டு. கையை விட்டதும் அந்த வேகத்தைப் பறிக்க யாரும் இல்லை.

பிரேக் பிடித்ததும் நிற்பவர்கள் முன்னால் சாய்கிறார்கள். யாரோ தள்ளியதுபோல் இருக்கிறது. தள்ளியவர் யாரும் இல்லை. வண்டி வேகம் குறைந்தது. உடல் இருந்த வேகத்திலேயே போக முயன்றது. நிற்பதற்குள் குதித்து இறங்குபவர்கள் பிளாட்பாரத்தில் தடுமாறி விழுவதும் இதனாலேயே. கால் நின்றுவிடுகிறது, உடல் நிற்பதில்லை. நியூட்டனின் முதல் விதியை அந்த வழியில் சரிபார்க்க முயல்வது உயிருக்கு ஆபத்து.

இவ்வகை எண்ணங்களை முறையாக ஆராய்ந்த இடமும் இதே நகரில்தான் இருக்கிறது. டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தின் ஓர் அங்கமாக 1974-இல் தொடங்கி, இன்று மான்குர்தில் இயங்கும் ஹோமி பாபா விஞ்ஞானக் கல்வி மையம் அது. இம்மையத்தின் ஜெயஸ்ரீ ராமதாஸ், அர்விந்த் குமார் ஆகியோர் பான்ஸேயுடன் சேர்ந்து 1994-இல் வெளியிட்ட ஆய்வு, சார்பு இயக்கம் பற்றிக் கல்லூரி மாணவர்களின் எண்ணங்களைத் துருவியது.

இயக்கத்தை எதை நிலையாகக் கொண்டு அளப்பது என்பதைப் பௌதிகம் குறிப்பாயம் என்கிறது. அதற்கு எல்லை கிடையாது. ரயிலை நிலையாகக் கொண்டு வானத்து நிலாவின் இயக்கத்தையும் அளக்கலாம். மாணவர்களோ அதை அந்தப் பொருளின் உடம்போடு கட்டிவிட்டார்கள். ரயிலின் குறிப்பாயம் பெட்டியின் சுவரோடு முடிந்துவிடுவதுபோல் நினைத்தார்கள். மேலும், இயக்கத்தை "நிஜம்", "தோற்றம்" என்று இரண்டாகப் பிரித்தார்கள். ரயில் ஓடுவது நிஜம். மரங்கள் பின்னால் ஓடுவது வெறும் தோற்றம். கலிலியோ காட்டிய வழியில் பார்த்தால் இரண்டுக்கும் சம உரிமை.

ஆனால் இதற்கான விதை பேச்சுத் தமிழிலேயே கிடக்கிறது. "தாதர் வந்துவிட்டது, இறங்கு" என்று சொன்னால் ரயிலில் யாரும் சிரிப்பதில்லை. தாதர் நகர்ந்து வரவில்லை என்று யாரும் ஆட்சேபிப்பதும் இல்லை. பயணியை நிலையாக வைத்து, ஸ்டேஷனை நகர வைக்கும் பேச்சு அது. இதையே பிடித்துக்கொண்டு ஒரு நல்லாசிரியர் பாடத்தைத் தொடங்கலாம்.

சக்தியா, விசையா, பலமா?

வெளிமாநிலத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அது சொற்களால் வருவது. வீட்டுப் பேச்சில் "சக்தி" என்பது எல்லாவற்றுக்கும் பொது. தள்ளுவதும் சக்தி, சாப்பிட்டால் வருவதும் சக்தி, பேட்டரியில் தீர்ந்துபோவதும் சக்தி. தமிழ்ப் பாடநூலோ தள்ளலை விசை என்றும், செலவாவதை ஆற்றல் என்றும், அது செலவாகும் வேகத்தைத் திறன் என்றும் பிரிக்கிறது. மராத்திப் பாடநூலில் விசைக்கு "பல்", ஆற்றலுக்கு "ஊர்ஜா", திறனுக்கு "ஷக்தி". ஆக, வீட்டில் கேட்ட சக்தியும் பள்ளியில் கேட்ட ஷக்தியும் ஒன்றல்ல. வீட்டில் உடல் வலிமையைக் குறிக்கும் பலம், பள்ளியில் விசையாகிவிடுகிறது. கல்லூரிக்குப் போனால் மூன்றும் ஆங்கிலத்தில்.

மும்பை மாநகராட்சிப் பள்ளிகளில் தமிழ்வழிப் பள்ளிகளும் உண்டு. அங்கே தொடங்கி ஆங்கிலத்தில் முடிக்கும் பிள்ளை புதிய சொல்லை மனப்பாடம் செய்துகொள்ளும். ஆனால் அந்தச் சொல்லுக்கு அடியில் பழைய "சக்தி"யே உட்கார்ந்திருக்கும். எறிந்த நாணயத்துக்குள் சக்தி இருக்கிறது என்று வீட்டுப் பேச்சில் சொல்வது ஒருவகையில் சரியே. இயக்க ஆற்றல் இருக்கத்தான் இருக்கிறது. அதை விசை என்று மாற்றி எழுதும்போதுதான் தவறாகிறது. அந்தப் பிள்ளை உலகத்தைத் தவறாகப் பார்க்கவில்லை. பார்த்ததற்குத் தவறான பெயரிட்டது. இந்த வேறுபாட்டைப் பிடிக்க வேண்டுமானால் பிள்ளை தன் சொந்த மொழியில் வாய்விட்டு யோசிக்க இடம் தர வேண்டும். விடையை எந்த மொழியில் எழுதினாலும், சண்டையைத் தாய்மொழியில் போட்டுக்கொள்ளட்டும்.

அழிவதில்லை, அடங்குகிறது

தவறான எண்ணத்தைக் களைபோல் பிடுங்கி எறிய வேண்டும் என்பது ஆராய்ச்சியின் தொடக்கக் காலத்துப் பேச்சு. பெர்க்லியில் பணியாற்றிய ஆண்ட்ரியா டிசெஸ்ஸா போன்றவர்கள் இதை மறுத்தார்கள். மாணவர் மனத்தில் இருப்பது முழுமையான பொய்க் கொள்கை அல்ல. துண்டு துண்டான அனுபவங்கள். "அதிகமாகத் தள்ளினால் அதிகமாக நடக்கும்" என்பது அவற்றில் ஒன்று. சில இடங்களில் அது சரி. சில இடங்களில் தவறு. எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்று பிரித்துக் காட்டுவதே ஆசிரியரின் வேலை என்பது அவர்கள் வாதம்.

2012-இல் ஆண்ட்ரூ ஷ்டுல்மன் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவரது சகாவும் செய்த ஆய்வும் இதற்குத் துணை நிற்கிறது. விஞ்ஞானம் நன்கு படித்தவர்களுக்கும், சிறுவயது நம்பிக்கையோடு மோதும் விஞ்ஞான வாக்கியங்களைச் சரியா தவறா என்று சொல்ல, மோதாத வாக்கியங்களைவிடச் சற்றுக் கூடுதல் நேரம் பிடித்தது. பழைய எண்ணம் அழிவதில்லை; புதியது அதை அடக்கி வைக்கிறது. ஆகவே தவறிய பிள்ளையை "இதுகூடத் தெரியாதா?" என்று கேட்பதில் அர்த்தம் இல்லை. கேட்பவரின் மனத்திலும் அது பதுங்கியே இருக்கிறது.

கேரம் பலகை இருக்கும் வீடுகளில் இதற்கு ஒரு நல்ல பயிற்சி உண்டு. ஸ்ட்ரைக்கரை அடித்தால் ஓடி நிற்கிறது. ஏன் நின்றது? "அடித்த வேகம் தீர்ந்துவிட்டது" என்று பிள்ளை சொல்லும். மறுக்க வேண்டாம். பலகையில் பவுடரைத் தூவி, அதே அளவு வேகத்தில் அடித்தால் என்ன ஆகும் என்று கேட்கலாம். கூடுதல் தூரம் போகும் என்பது எந்தப் பிள்ளைக்கும் தெரியும். அடி ஒன்றுதான்; பிறகு கூடுதல் தூரம் எப்படி வந்தது? இன்னும் வழுவழுப்பான பலகையாக இருந்தால்? சொரசொரப்பே இல்லாமல், முடிவே இல்லாத பலகையாக இருந்தால்? அந்தக் கடைசிக் கேள்விக்குப் பிள்ளை தானாகவே பதில் சொல்லிவிடும்: "நிற்கவே நிற்காது." கலிலியோ தம் சிந்தனையால் சென்ற பாதை இதுவே. ஓடுவதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை, நிற்பதற்குத்தான் காரணம் தேட வேண்டும் என்ற உண்மை, யாரும் ஊற்றாமலே அந்தப் பானையில் ஊறிவிட்டது.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயமே. பாடத்திட்டம் நீளம், நுழைவுத் தேர்வு கழுத்தில் தொங்குகிறது. அத்தனையையும் மாற்ற ஒரு ஆசிரியரால் முடியாது. ஆனால் வாரத்துக்கு ஒரு கேள்வி, ஒரு ஊகம், ஐந்து நிமிட வாதம், ஒரு சிறு சோதனை என்பது எந்த வகுப்பிலும் நடக்கக்கூடியது. தவறான விடை சொன்ன பிள்ளையிடம் "உட்கார்" என்று சொல்வதற்குப் பதிலாக, "அப்படி ஏன் நினைக்கிறாய்?" என்று கேட்பதற்குச் சில விநாடிகள் போதும்.

பெற்றோருக்கும் ஒரு பங்கு உண்டு. மதிப்பெண் பட்டியல் காட்டுவது முதல் ஏட்டை மட்டுமே. இரண்டாவது ஏட்டைப் பார்க்க வேண்டுமானால், நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கி வந்த பிள்ளையின் கையில் ஒரு ரூபாயைக் கொடுத்து மேலே சுண்டச் சொல்ல வேண்டும். பிறகு பதிலைப் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

பாலம் கட்டுவதும், பிரேக் செய்வதும், மின்கம்பி இழுப்பதும் நாளைக்கு இந்தப் பிள்ளைகள்தான். வேலைக்களத்தில் கேள்வித்தாள் இருக்காது. அங்கே கைகொடுப்பது மனம் நம்பிய விடையே. இரண்டு ஏடுகளும் அதற்குள் ஒன்றாகிவிடுவது அவர்களுக்கும் நல்லது, அவர்கள் கட்டிய பாலத்தில் நடக்கப் போகிறவர்களுக்கும் நல்லது.